ஏழாம் இலக்கம்

அசர் தொழுத கையோடு
பதினொரு தலைகளைக் கழுவ உட்காருவேன்.
உச்சியில் வெள்ளைப் பெயின்டால் இலக்கமிட்ட
பதினொரு ஹெல்மெட்டுகள்.
பொத்துவில் மணல்மலையிலிருந்து
உரப்பையில் கட்டிக் கொண்டுவந்து
கிணற்றடியில் கவிழ்ப்பார் இவர்.

உள்பஞ்சைக் கழற்றினால்
ஊர் ஊராக மணக்கும்.
வெயிலுக்குப் பூசிய களிம்பு, கடலுப்பு,
எந்த நாட்டினதோ ஷாம்பு.
பயத்துக்கும் ஒரு மணம் இருக்கிறது,
வியர்த்த உள்ளங்கையில்
நெடுநேரம் பொத்திவைத்த சில்லறை போல.

முழங்கால் காப்புகளின் ஒட்டுப்பட்டியில்
இராவணன்மீசை முள் ஏறியிருக்கும்,
ஊசியால்தான் எடுக்கவேண்டும்.
கையுறைகளில் முதலில் கிழிவது
வலது பெருவிரல்.
நாலு சில்லு வண்டிக்கு வேகம்
அந்த விரலில்தானாம்.
ஒருநாளும் ஏறியதில்லை நான்.
தையல் போட்டுப் போட்டு
அவர்களுடைய அவசரம் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை கல்முனையிலிருந்து ஒரு வேன்.
தம்பிமார் மூன்று பேர்
படம் பிடிக்கும்வரைக்கும் போட்டுவிட்டு
கைப்பிடியில் தொங்கவிட்டார்களாம்.
அக்காக்காரி மட்டும்
முக்காட்டுக்கு மேலே ஏழாம் இலக்கத்தைக் கவிழ்த்து
நாடிக்குக் கீழே வாரை இறுக்கினாளாம்.
"வெருளி! வெருளி!" என்று
மேடு முழுக்க அவர்களின் சிரிப்பு.

மணல் பஞ்சு மாதிரி என்று
எல்லாருக்கும் சொல்லித்தான் ஏற்றுவார் இவர்.
பஞ்சுதான்.
ஆனால் இரண்டாம் மேட்டின் சரிவில்
சுனாமிக்கு முந்திய யாரோ ஒருவரின் மதில்
ஒரு மூலையை மட்டும் நீட்டிக்கொண்டு
மணலுக்குள் படுத்திருக்கிறது.

வண்டி கிறுகியது.
அவள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.
எழும்பினாள், மணலைத் தட்டினாள்,
தம்பிமாரை விடப் பெரிதாய்ச் சிரித்தாள்,
இஞ்சிச் சோடா குடித்தாள்,
போய்விட்டாள்.

வெளியே பார்த்தால் நகக்கீறல் அளவுதான்.
பஞ்சை உரித்தேன்.
வெள்ளை நுரைக்கட்டியில்
காதுக்கு மேலிருந்து உச்சிவரை ஒரு வெடிப்பு,
தண்ணி விடாத வயல் போல.
என் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது.
அந்நேரம் அவள் கல்முனையில்
தலை சீவிக்கொண்டிருந்திருப்பாள்.
அவளுக்கு வரவேண்டிய வெடிப்பு
என் மடியில் கிடந்தது.

முதலாளி ஜிப்ரி போனில் சொன்னார்:
"ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாச் சரிதானேகா,
சுறாப் படம் கிடக்கு."
"உள்ளுக்கு உடைஞ்சிரிக்கி."
"உள்ளுக்கு ஆரு பாக்கப்போறா?
புதுசு பன்னிரண்டாயிரம், புள்ள."

முட்டைக்கோது ஒருதரம்தான் உடையும்.
நாளைக்கு வருகிற தலையை நினைத்தேன்.
அதற்கு இன்னும் முகமில்லை.
சூரை மீன் வெட்டும் கத்தியை எடுத்து
வாரை அறுத்தேன்.
சரியாக அறுபடவில்லை,
அரிந்து அரிந்துதான் விட்டது.
பிறகு அம்மிக்குழவியால்
வெளி ஓட்டில் நாலு போடு.
சுறா ஒட்டவும் இடமில்லாமல்.

மாதத்துக்கு மூவாயிரம் கழிப்பாராம்,
நாலு மாதம்.
இவர் ஒன்றும் பேசவில்லை.
பேசாமல் மோட்டர்சைக்கிளை உதைத்தார்,
கோமாரிக்குப் போக,
சாரத்தை மடித்துக்கட்டி, வெறுந்தலையோடு.
மணலுக்கு என்னைத் தெரியும் என்கிறவர்.
கோமாரி ரோட்டில்
இரவில் யானையும் நிற்கும், படுத்த மாடும் நிற்கும்.
அதுகளுக்கு இவரைத் தெரியுமா?

கொடியிலிருந்து நாலாம் இலக்கத்தைக் கழற்றி
முன்னால் போய் நின்றேன்.
"ஈரம்கா."
"ஓம், ஈரம்தான்."
"மறுகா போடுறன்."
என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
நான் விலகவில்லை.
நாலாம் இலக்கத்திலிருந்து சவர்க்காரத் தண்ணி
அவரின் முழங்காலில் சொட்டியது,
டாங்கியில் சொட்டியது.